பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்களாம்

ஹெப்பகோடியில் நான் வளர்ந்த காலத்தில் யார் வேண்டுமானாலும் யாரைப் பார்த்தும் "சாப்ட்டியா?" என்று கேட்கலாம், போன் அக்காவைத் தவிர. அவர் கேட்டால் எதிரில் நிற்பவர் ஊரில் யாருக்கு என்ன ஆயிற்று என்றுதான் திருப்பிக் கேட்பார். ஒருமுறை தள்ளுவண்டியில் தக்காளி விற்கிறவரிடம், வெயிலில் நிற்கிறாரே என்ற இரக்கத்தில் வாய் தவறிக் கேட்டுவிட்டார். அந்த ஆள் தராசைக் கீழே போட்டுவிட்டு, "யாருக்கா? எங்கப்பாவா?" என்று அலறினார். "அய்யோ, யாருக்கும் ஒண்ணும் இல்லப்பா, சும்மாதான் கேட்டேன்" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அவர் நம்பவில்லை. அன்று மதியமே வண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆம்பூருக்குப் பஸ் ஏறினார். அங்கே அவருடைய அப்பா கட்டிலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தாராம். இதை எங்கள் லைன் வீடுகளில் வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தோம். சிரிப்பதற்கு இருந்தது அது ஒன்றுதான். மற்றபடி அக்கா அப்படிக் கேட்டபோதெல்லாம் யாரோ ஒருவருடைய ஊரில் யாரோ ஒருவர் செத்துத்தான் போயிருந்தார்கள்.

அப்போது ஹெப்பகோடி பெங்களூரோடு சேர்த்தி இல்லை. ஓசூர் ரோட்டோரம் ஒரு சின்ன டவுன், அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு சந்தை, ராகி வயல், வயலைத் தாண்டி நீலகிரித் தோப்பு, தோப்புக்குப் பின்னால் பொம்மசந்திரா தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள். தருமபுரி, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள் கௌடர் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகளில் ஷீட் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்தோம். இப்போது அந்த ஊரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ராகி வயலைச் சொல்வார்கள், காலைப் பனியைச் சொல்வார்கள், கதவைப் பூட்டாமல் தூங்கினோம் என்பார்கள். பூட்டுகிற அளவுக்கு உள்ளே என்ன இருந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றும். எனக்கு அந்த ஊர் என்றால் மஞ்சள் போர்டு போட்ட ஒரு எஸ்டிடி பூத்தும், அதன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு யார் வீட்டை நோக்கியோ நடந்து வருகிற போன் அக்காவும்தான்.

அவருடைய வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் பிரஸ் மெஷினில் வலது கை போய்விட்டது. அந்தக் கைக்குப் பதிலாகக் கிடைத்ததுதான் பூத். லைசென்ஸ் அவர் பேரில், உழைப்பு இவருடையது. அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார், பேச மாட்டார். அக்கா அவருக்கும் சேர்த்துப் பேசுவார். குள்ளமான உருவம், எப்போதும் வாயில் கிராம்பு. ஒவ்வொருவர் பேசி முடித்ததும் ரிசீவரை நீலகிரித் தைலம் தொட்ட துணியால் துடைப்பார். "பீடி நாத்தம் பேச்சோட கூடவே போயிடும்னு நெனப்பு இவனுங்களுக்கு" என்று முணுமுணுப்பார். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் ஊருக்குக் கொடுத்திருந்த நம்பர் அந்தப் பூத்தின் நம்பர்தான். போன் வந்தால் அக்கா மறுமுனை சொல்வதையெல்லாம் திருப்பிச் சத்தமாகச் சொல்வார். லைன் சரியாகக் கேட்காத காலம், அது பழக்கமாகிவிட்டது. "ஆங், பொண்ணா? ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா? செவப்பா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே தெரு முழுக்கச் சேதி போய்விடும். நல்ல சேதி என்றால் படியில் நின்றே பேர் சொல்லிக் கத்துவார். கல்யாணம், பிரசவம், மாடு ஈன்றது எல்லாம் படியிலிருந்துதான்.

சாவு என்றால் திருப்பிச் சொல்ல மாட்டார். "ம்", "ம்" என்று மட்டும் கேட்டுக்கொள்வார். ஷட்டர் பாதி இறங்கும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடப்பார். வீட்டு வாசலில் நின்று முதலில் கேட்பது, சாப்பிட்டாயா. இல்லை என்றால் சாப்பிட வைத்துவிட்டுத்தான் மறுபேச்சு. சாவு வீட்டுக்குப் போனால் அடுத்த சோறு எப்போதோ, அதுதான் கணக்கு. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் சொல்வார்: "அம்மாவுக்கு ஒடம்பு கொஞ்சம் சீரியஸாம். பெரியாஸ்பத்திரியில வெச்சிருக்காங்களாம். உன் பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இருக்காங்களாம். நீ கெளம்பு."

செத்துப்போனவர்கள் எல்லோரும் அக்காவின் வாயில் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மாரடைப்பில் வயலிலேயே விழுந்தவரும் கூப்பிட்டார். கிணற்றில் விழுந்தவளும் கூப்பிட்டாள். எல்லோருக்கும் தெரியும். "சீரியஸ்" என்றால் என்ன என்று எங்கள் லைன் வீட்டில் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் அதைக் குறுக்கே கேட்டு உடைக்க மாட்டார்கள். சேதி வந்த ஆள் துணிமணியை எடுத்து வைத்துக்கொண்டு, கூட யார் வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, ஓசூர் போகிற பஸ்ஸில் ஏறிவிடுவார்.

என் அம்மாவுக்கும் ஒருமுறை அப்படிச் சேதி வந்தது, ஊத்தங்கரையிலிருந்து, அவருடைய அப்பாவைப் பற்றி. அம்மா கடைக்குப் போய் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அப்பா அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் போனார், பிறகு மூடிக்கொண்டார். ஊருக்குப் போய் எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி திறக்காமல் அப்படியே பையில் இருந்தது.

அப்பாவுக்கு இந்த விவகாரமே பிடிக்காது. கம்பெனியில் செக்கிங் செக்ஷனில் இருந்தவர், கோணல் என்றால் கோணல், நேர் என்றால் நேர் என்கிற ஆள். "செத்தவன செத்துட்டான்னு சொல்லணும். அந்தம்மா யாரு நடுவுல, உசுரக் குடுத்து உசுர எடுக்கறதுக்கு?" என்பார்.

அம்மா ஒருநாள் அவருக்குப் பதில் சொன்னார். "அன்னிக்கு பஸ்ஸு போய்ச் சேர்ற வரைக்கும் எங்கப்பா எனக்கு உயிரோடதான் இருந்தாரு. ஜன்னலோரம் உக்காந்து அவருக்கு என்னென்ன சொல்லணும்னு யோசிச்சிக்கிட்டே போனேன். அத யாரு குடுப்பா எனக்கு?"

அப்பா அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வெளியில் எடுத்தார்.

அக்கா ஏன் இப்படி ஆனார் என்பதை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். நான் அவர் பூத்தில் வாரப் பத்திரிகை ஓசியில் படிக்கிறவள். கண்ணாடிக் கூண்டுக்குள் கதவை மூடினால் ஓடுகிற சின்ன ஃபேனுக்காகவும் போவேன். கல்யாணமாகி வந்த புதிதில், அவருடைய அண்ணன் செத்த தந்தியைத் தபால்காரர் நடுத்தெருவில் நின்று படித்துக் காட்டிவிட்டாராம். அதைக் கேட்டுவிட்டுத் தனியாகப் பஸ்ஸில் சேலம் வரை போயிருக்கிறார். "செத்த சேதிய மடியில வெச்சிக்கிட்டு பஸ்ஸுல போயிருக்கியாடி நீ? பக்கத்துல ஒரு ஆளு வேர்க்கடல தின்னுக்கிட்டு வரான். டிக்கெட்டு கேக்கறான் கண்டக்டரு. வாய்ல முந்தானைய அடைச்சிக்கிட்டு சில்லறை எடுத்துக் குடுத்தேன். நாய்க்குக்கூட வரக்கூடாது" என்றார். சொல்லிவிட்டு ரிசீவரை எடுத்துத் துடைத்தார். அதற்கு முன் யாரும் அதில் பேசியிருக்கவில்லை.

பொய் சொல்வதில் அவருக்கு ஒரு தைரியம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். தொண்ணூற்றொன்று கடைசியில் காவிரித் தகராறு வந்து பெங்களூரே புகைந்த நாட்களில், ஊரிலிருந்து தாய்மார்கள் எல்லோரும் அந்த ஒரு நம்பருக்குத்தான் அடித்தார்கள். எங்கள் ஆட்கள் விளக்கைப் போடாமல் வீட்டுக்குள் அடங்கிக் கிடந்தார்கள். அக்கா போர்டில் இருந்த தமிழ் எழுத்தைப் பேப்பர் ஒட்டி மறைத்துவிட்டு, ஷட்டரை இறக்கி உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு போனாக எடுத்தார். ஒருவனுக்கு வேலைவிட்டு வருகிற வழியில் மண்டை உடைந்து கட்டுப் போட்டிருந்தது. அவனுடைய அம்மாவிடம், "நல்லா இருக்கான்மா. சாப்ட்டுட்டுத் தூங்கறான். எழுப்பட்டுமா?" என்றார். "வேணாம்மா, தூங்கட்டும்" என்று அந்தப் பக்கம் சொல்லியிருக்க வேண்டும். எந்தத் தாயும் எழுப்பச் சொல்லவில்லை. அது அக்காவுக்குத் தெரியும், அதனால்தான் அவ்வளவு துணிச்சலாகக் கேட்டார்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒருமுறை உண்மையைச் சொன்னார். அதுதான் அவரைக் கவிழ்த்தது.

ஏழுமலை அண்ணன் எங்கள் லைனில் கடைசி வீட்டில் இரண்டு பேரோடு ரூம் எடுத்து இருந்தவர். பைப் கம்பெனியில் ஷிப்ட் வேலை. திருவண்ணாமலையைத் தாண்டி வேட்டவலம் போகிற வழியில் ஊர். அப்பா இல்லை. அம்மா ஒண்டியாகக் கூலிக்குப் போய் அவரையும் தங்கையையும் வளர்த்தவர். தங்கை பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸில் வேலை செய்துகொண்டு அங்கேயே ஹாஸ்டலில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் அவருடைய அம்மா எங்கேயோ நடந்து போய் ஒரு பூத்திலிருந்து கூப்பிடுவார். அண்ணன் குளித்து, தலை வாரி, பவுடர் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். "போன்ல மூஞ்சி தெரியாதுடா" என்று அக்கா கிண்டல் செய்வார். "எங்கம்மாவுக்குத் தெரியும்க்கா" என்பார் அவர்.

எனக்குப் பத்தாவது பரீட்சை முடிந்த லீவு. ஒரு மதியம் பூத்தில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அக்கா எடுத்தார். வழக்கம்போல் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார்.

"யாரும்மா? பக்கத்து பெட்டா? ஆங், திருவண்ணாமலையா? ஏழுமலையோட அம்மாவா? என்ன ஆச்சு? களத்துல மயங்கி விழுந்துட்டாங்களா? யாரு கூட இருக்கா? யாருமே இல்லியா? சேத்துட்டுப் போயிட்டாங்களா? சீட்டுல இந்த நம்பர் இருந்துச்சா? சரிம்மா. டாக்டர் என்னா சொல்றாரு? நாள் தாங்காதுன்னா? இப்ப நெனவு இருக்குதா? என்னது?" அவர் குரல் தழைந்தது. "பேரச் சொல்லிக் கூப்புடறாங்களா? ஏழுமல, ஏழுமலன்னா? சரிம்மா. வந்துடுவான்னு அவங்க காதுல சொல்லு. இப்பவே அனுப்பறேன்னு சொல்லு தாயி."

போனை வைத்தவர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு திகில் இருந்தது. இத்தனை வருஷமாகத் தானே இட்டுக்கட்டிச் சொல்லிவந்த வார்த்தை வேறு ஒருத்தி வாயிலிருந்து நிஜமாக வந்துவிட்டது. ஷட்டரை இறக்கவில்லை. செருப்பு மாட்டவில்லை. ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

ஏழுமலை அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

"டேய், அம்மாவுக்கு சீரியஸாம்டா. திருவண்ணாமல பெரியாஸ்பத்திரியில இருக்காங்க. உன் பேரச் சொல்லிக் கூப்புடறாங்களாம். ஓடு, பஸ்ஸப் புடி."

அவர் சட்டையில்லாமல் அப்படியே நின்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி நேராக ஒப்பாரியே வைத்துவிட்டாள், "பெத்த மவன் இங்க இருக்க, ஒத்தையில போனியே" என்று.

"ஏய், நிறுத்துடி!" என்று அக்கா அவளை அடிக்கப் போனார். "உயிரோட இருக்காங்க. நெசமா சொல்றேன். இந்தத் தடவ நெசமாவே சீரியஸுதான்!"

அவ்வளவு துக்கத்திலும் யாரோ ஒருவர் சிரித்துவிட்டார்கள்.

அதற்குள் என் அப்பா வந்தார், இன்னும் நாலு ஆண்கள் வந்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தெளிவுதான் கேடு. அவசரம் இல்லை, ஒரே மகன் போகாமல் எடுக்க மாட்டார்கள். தங்கைக்கு ஆள் அனுப்பு, அது ஷிப்ட் முடிந்து வரட்டும், ஒன்றாகப் போகலாம். பஸ் எதற்கு, கிரானைட் கம்பெனி வேன் சாயங்காலம் சும்மாதான் நிற்கும், அதைக் கேள், பத்துப் பேராவது போனால்தான் மரியாதை. மாலை ஓசூரில் வாங்கிக்கொள்ளலாம், புதுச் சேலையும் அங்கேயே. எல்லாம் கால் மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. ஆஸ்பத்திரி என்ற சொல் யார் காதிலும் விழவில்லை. அக்கா எப்போதும் ஆஸ்பத்திரி என்றுதானே சொல்வார்.

அக்கா ஒவ்வொருவர் கையாகப் பிடித்து இழுத்தார். கற்பூரம் ஏற்றி உள்ளங்கையில் வைத்து அணைத்தார். அது எரிந்து கை சிவந்ததை நான் பார்த்தேன். "எம்மேல சத்தியம்டா, எம்பொண்ணு மேல சத்தியம், அவன மட்டுமாவது பஸ்ஸுல அனுப்புங்கடா."

அப்பா அவரிடம் மெதுவாகத்தான் சொன்னார். "சரிக்கா, புரியுது. உங்க மனசு புரியுது. நாங்க பாத்துக்கறோம்."

நான் அப்பாவிடம், "நெசந்தான்ப்பா, நானும் கேட்டேன்" என்றேன். "நீ கேட்டது அந்தம்மா பேசினதத்தானே?" என்றார் அப்பா. மறுமுனையில் பேசியது என் காதில் விழவில்லைதான்.

அக்கா பூத்துக்குத் திரும்பி வந்து போனுக்கு எதிரில் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்துப் படுக்கைக்காரப் பெண் இன்னொரு முறை கூப்பிட்டால் ஏழுமலை காதிலேயே ரிசீவரை வைத்துவிடலாம் என்று நினைத்தார். எங்கிருந்து கூப்பிட்டாள் என்று பார்க்க அந்தக் காலத்துப் போனில் வழியில்லை. போன் அடித்தது. யாரோ கன்னடத்தில் சிமெண்ட் விலை கேட்டார்கள். "இடு ஃபோன!" என்று கன்னடத்திலேயே கத்தி வைத்தார். மறுபடி அடித்தது. யாருக்கோ பிள்ளை பிறந்திருந்தது. அக்கா அழுதார்.

தங்கை வந்து சேர்ந்து வேன் புறப்பட ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிட்டது. அக்கா ஏழுமலை அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஒருமுறை, "நேரா ஆஸ்பத்திரிக்குப் போடா. ஊருக்குப் போவாத" என்றார். அவர் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தெரியும்க்கா. நீங்க நல்லவங்க" என்றார்.

மற்றதெல்லாம் அப்பா திரும்பி வந்து சொன்னது. சொன்னார் என்பதைவிட, சொல்ல முடியாமல் சொன்னார். வேன் திருவண்ணாமலைக்குள் நுழைந்து, நிற்காமல் வேட்டவலம் ரோட்டில் திரும்பிப் போயிருக்கிறது. விடிகிற நேரத்துக்கு ஊர் போய்ச் சேர்ந்தால், பந்தல் இல்லை, கூட்டம் இல்லை, வீடு பூட்டிக் கிடக்கிறது. மாலையும் கையுமாகப் பத்துப் பேர் இறங்கி நிற்கிறார்கள். எதிர்வீட்டுக்காரி வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எதுக்குடா மாலையோட வந்துருக்கீங்க? ஒங்கம்மா ஆஸ்பத்திரியில இல்ல கெடக்குறா?" என்றாளாம். ஏழுமலை அண்ணன் மாலையைக் கீழே போடவும் தெரியாமல், கையில் வைத்துக்கொள்ளவும் முடியாமல், வேனுக்குள்ளே எறிந்துவிட்டு ஏறினாராம். திரும்பி ஆஸ்பத்திரிக்கு வந்து படியேறி வார்டைத் தேடிக் கண்டுபிடித்தபோது நர்ஸ், "இப்பதாங்க" என்றிருக்கிறார். உடம்பில் சூடு இருந்தது என்றார் அப்பா. அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்த் தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவினார், வெகுநேரம் கழுவினார்.

பதினாறாம் நாள் காரியம் முடித்து, மொட்டைத் தலையோடு ஏழுமலை அண்ணன் திரும்பி வந்தார். வந்த அன்றே பூத்துக்கு வந்தார். சாயங்காலம், ஊருக்குப் பேச வந்தவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். நான் பெஞ்சில் இருந்தேன். அவரைப் பார்த்ததும் எல்லோரும் ஒதுங்கினார்கள். அக்கா எழுந்து நின்றார். திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று நான் பயந்தேன். அவர் திட்டவில்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றார். "வார்டு ஆயா சொல்லுது, எங்கம்மா ராவெல்லாம் மொனகிக்கிட்டு இருந்துச்சின்னு. நர்ஸு சொல்லுது, நெனவே இல்லன்னு. பக்கத்து பெட்டுக்காரங்களைத் தேடினேன், அவங்க அன்னிக்கே வேலூருக்குப் போயிட்டாங்களாம், யாருக்கும் அட்ரஸ் தெரியல. போன்ல பேசினது நீங்க ஒருத்தருதான். எங்கம்மா கூப்புட்டாங்களா? என் பேரச் சொல்லிக் கூப்புட்டாங்களா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஆனால் நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். கூப்பிட்டார்கள் என்று சொன்னால் அவர் அன்று சொன்னது சத்தியம் என்று ஊர் முழுக்க ஆகும். என் அப்பா முதற்கொண்டு எல்லோரும் தலை குனிந்து நிற்க வேண்டியதுதான். அவர்தான் கெஞ்சினார், அவர் கைதான் வெந்தது. சொல்லுங்கக்கா, சொல்லிவிடுங்கள் என்று எனக்குள் அடித்துக்கொண்டது.

"இல்லப்பா" என்றார் அக்கா.

"இல்லியா?"

"இல்லப்பா. அது எப்பவும் சொல்றது, வாய்ல வந்துடுச்சி. சீரியஸுன்னு மட்டுந்தான் அந்தப் பொண்ணு சொல்லிச்சி. நெனவே இல்லியாம், மூச்சு மட்டுந்தான் இருக்குதுன்னாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நீ வந்தியா வரலியான்னுகூடத் தெரிஞ்சிருக்காது."

ஏழுமலை அண்ணன் அப்படியே பூத் படியில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கக் குலுங்க அழுதார். அதற்குப் பெயர் நிம்மதி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. "தெரியாது இல்ல? நான் வரலன்னு எங்கம்மாவுக்குத் தெரியாது இல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "தெரியாதுப்பா" என்று அக்காவும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அழுது முடிந்ததும்தான் கோபம் வந்தது. எழுந்து நின்று, எல்லோரும் பார்க்க, "அப்ப சாவுற நேரத்துலகூட சேத்துச் சொல்லியிருக்கீங்க. ஒழுங்கா சொல்லியிருந்தா நம்பியிருப்பேன் இல்ல? பொய்யே சொல்லாத பொம்பளையா இருந்திருந்தா எங்கம்மா மூஞ்சிய உயிரோட பாத்திருப்பேன் இல்ல?" என்றார். அதில் பாதி உண்மை இருந்தது.

வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். போன பிறகு நான் வாயைத் திறந்தேன். "அக்கா, ஆனா அன்னிக்கு..."

"நீ ஒண்ணும் கேக்கலடி" என்றார். "வீட்டுக்குப் போ."

அதோடு சரி. எங்கள் ஆட்கள் பஸ் ஸ்டாப் பக்கத்தில் புதிதாக வந்த பூத்தின் நம்பரை ஊருக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். அங்கே இருந்த பையன் நேராகச் சொல்வான், "உங்க அண்ணன் எக்ஸ்பயர்டு" என்று, சூயிங்கம் மென்றுகொண்டே. அவனை யாரும் குறை சொல்லவில்லை. போன் அக்காவைத்தான் சாவு வீட்டு விசேஷங்களில்கூட ஓரமாக உட்கார வைத்தார்கள். சின்னப் பிள்ளைகள் அவரைப் பார்த்தால் "சீரியஸ்! சீரியஸ்!" என்று கத்திக்கொண்டு ஓடும். அதற்கு அவர் சிரிப்பார். எனக்குத்தான் அந்தப் பிள்ளைகளை இழுத்துப் போட்டு அறைய வேண்டும் போல் இருக்கும். பிறகு ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் செல்போன் வந்தது, எல்லா பூத்தும் போயிற்று. அக்கா அதே இடத்தில் ஜெராக்ஸ் மெஷின் போட்டார், அதுவும் ஓடவில்லை.

எங்கள் குடும்பம் வேறு இடம் போய்விட்டது. நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒருநாள் அக்காவின் பெண் போன் செய்து, "அம்மா போயிட்டாங்க" என்றாள். இரண்டே வார்த்தை. மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சேதியை மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தேன்.

போனபோது பெரிய கூட்டம் இல்லை. அவருடைய வீட்டுக்காரர் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பழைய லைன் வீட்டு ஆட்கள் நாலைந்து பேர். ஏழுமலை அண்ணன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தார். ஆள் கனத்துப் போயிருந்தார், சொந்தமாக லேபர் கான்ட்ராக்ட், ஹெப்பகோடியிலேயே மாடி வீடு. என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்தார். அப்பா அம்மாவை விசாரித்தார்.

"அன்னிக்கு போன் வந்தப்ப நீயும் பூத்துலதானேம்மா இருந்த?"

"ஆமாண்ணே."

"அந்தம்மா போயிடுச்சி. இனிமே கேக்கறதுக்கு நீ ஒருத்திதான். எங்கம்மாவுக்கு நெசமாவே நெனவு இல்லாமத்தான் இருந்துச்சா?"

உள்ளே அக்கா கிடந்தார். அவர் பொய் சொல்லவில்லை என்று இந்த மனிதருக்குச் சொல்ல உலகத்தில் மிச்சமிருந்தது நான் மட்டும்தான். சொல்லியிருந்தால் ஏழுமலை அண்ணன் அவர் காலில் விழுந்திருப்பார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ராத்திரியும் அவர் எப்படித் தூங்குவார் என்பதும் எனக்குத் தெரிந்தது.

"ஆமாண்ணே" என்றேன். "நெனவே இல்லன்னுதான் அந்தப் பொண்ணு சொல்லிச்சி. பேரச் சொல்லிக் கூப்புடறாங்கன்னு அக்காதான் சேத்துச் சொன்னாங்க."

அவர் பெரிதாக மூச்சு விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தன பொய்யி சொன்னா பாரு இந்தப் பொம்பள" என்றார். உள்ளே வந்து ஒருமுறை முகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் உள்ளே போய் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.